ரோஸியிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி

பெரியகுளம் பக்கம் ஜெயமங்கலத்தில் புது ஆள் வந்து இறங்கினால், எந்த ஊர், யார் வீட்டுக்கு என்று பேச்சுத் தொடங்கும். அடுத்து, எந்தத் தெரு. அத்தோடு விசாரிப்பு முடிந்துவிடும், தெரியவேண்டியது தெரிந்தாயிற்று. இந்த விசாரிப்புக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் நாம் இந்திய ஆங்கில இலக்கியம் நடத்துகிறோம். ஆனால் ஆய்வேடு எழுத உட்கார்ந்ததும் அவர்களுக்கும் தன்னடையாளம் என்பது கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே தவிக்கும் ஏதோ ஒன்றாகிவிடுகிறது. அப்படி எழுதப் பழக்கியவர்கள் நாம்தான்.

ஆர்.கே. நாராயணின் ‘தி கைடு’ 1958இல் வந்தது. ஆங்கில நூலுக்கான முதல் சாகித்திய அகாதெமி விருதை 1960இல் பெற்றது. அதைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் நாயகன் ராஜுவையே சுற்றுகின்றன. ரயிலடிக் கடைக்காரன், வழிகாட்டி, கைதி, கடைசியில் சாமியார். மங்கல் என்ற ஊர் (ஜெயமங்கலத்தார் பெயரைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்) அவன் பூர்வீகத்தைத் துருவாமலே அவனைக் கும்பிடுகிறது.

நாயகி ரோஸிக்கு அந்தச் சலுகை இல்லை. பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவள், தேவதாசிக் குடும்பத்துப் பெண். சாதி பாராமல் படித்த பெண்ணைத் தேடி விளம்பரம் கொடுத்த மார்கோ அவளை மணந்தான். ஆனால் அவள் ஆடுவது அவனுக்கு ஆகவில்லை. அவனைப் பிரிந்து ராஜுவின் வீட்டுக்கு வந்தால், ராஜுவின் தாய்க்கும் மாமனுக்கும் அவள் பட்டம் கண்ணில் படவில்லை, பிறப்புதான் படுகிறது. மேடைக்காக நளினி ஆகிறாள். பெயரை மாற்றியாக வேண்டும் என்று வற்புறுத்துபவனும் ராஜு. கடைசியில் அவன் சிறைக்குப் போவது எதற்காக? அவள் கையெழுத்தைத் தானே போட்டதற்காக. பெயரையும் கையெழுத்தையும் இன்னொருவன் கையாளும்போது அவளுக்கென்று மிஞ்சுவது ஆட்டம் ஒன்றே. நாராயண் இதை உரத்துச் சொல்வதில்லை. நகைச்சுவையில் லயித்து நாமும் தாண்டிப் போய்விடுகிறோம்.

நாவலின் கட்டமைப்பையும் பாருங்கள். பாதிக் கதை ராஜு தன் வாயால் சொல்வது, மீதி படர்க்கையில். ரோஸி சொல்லும் பகுதி ஒன்றுகூடக் கிடையாது. 2017இல் வந்த மீனா கந்தசாமியின் ‘வென் ஐ ஹிட் யூ’ நாவலில் வதைபடும் மனைவிக்குப் பெயரே கொடுக்கப்படவில்லை, ஆனால் கதை முழுக்க அவள் சொல்வது. இந்த இரண்டையும் அருகருகே வைத்து எழுதிய கட்டுரையைத்தான் இவ்விதழ் தேடுகிறது.

அனுப்புவோர் கோட்பாட்டுப் பகுதியை இரண்டு பக்கத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் தெருவை யார் விசாரிக்கிறார்கள், யாரிடம் விசாரிப்பதில்லை என்பதைப் பக்க எண்ணோடு காட்டுங்கள்.