நீதிக்கு எத்தனை படுக்கைகள்?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் 2024 செப்டம்பரில் ஒரு புதிய வளாகம் செயல்படத் தொடங்கியது. அதன் பெயர் வெய்ன் கவுண்டி குற்றவியல் நீதி மையம். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம்முடைய மாவட்டம் போன்றது. சிறை, குற்றவியல் நீதிமன்றம், ஷெரிஃப் அலுவலகம், அரசு வழக்குரைஞர் அலுவலகம், சிறார் காப்பகம் எல்லாம் ஒரே வளாகத்தில். செலவு 60 கோடி டாலருக்கு மேல். பெரியவர்களுக்கான சிறையில் மட்டும் 2,280 படுக்கைகள்.

நம் மாவட்டங்களிலும் இப்படி ஒன்று வந்தால் நல்லதுதானே என்று நம் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் வலி எங்களுக்குத் தெரியும். "வழிக்காவலுக்கு ஆள் இல்லை" என்று சொல்லி, வாய்தாவுக்குக் கைதியை அழைத்து வராமல் விட்ட நாட்கள் எத்தனையோ. மகனை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று விடியற்காலை பஸ் பிடித்து வந்த அம்மாக்களோடு நாங்களும் நீதிமன்ற மரத்தடியில் மாலைவரை உட்கார்ந்திருக்கிறோம். சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே ஒரு தாழ்வாரம்தான் என்றால் அந்தக் காத்திருப்பாவது மிஞ்சாதா?

அந்தக் காத்திருப்பு மட்டும்தான் மிச்சமாகும் என்பதே எங்கள் பதில். தாழ்வாரத்தின் நீளம் குறையும். ஜாமீன் தொகை குறையாது. உள்ளே கிடக்கும் நாட்கள் குறையாது. உள்ளே கிடப்பவர் யார் என்பதும் மாறாது.

டெட்ராய்டையே எடுத்துக்கொள்வோம். 1925 செப்டம்பரில் ஒஸியன் ஸ்வீட் என்ற கறுப்பின மருத்துவர் அந்த நகரத்தில் வெள்ளையர் வசிக்கும் தெருவில் ஒரு வீடு வாங்கிக் குடியேறினார். ஊர்த் தெருவில் மனை வாங்கிய நம் ஆட்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கூட்டம் கூடியது. இரண்டாம் நாள் இரவு கல் பறந்தது. போலீசு நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்ததில் வெளியே நின்ற வெள்ளையர் ஒருவர் இறந்தார். வீட்டிலிருந்த பதினொரு பேரும் கொலை வழக்கில் கைதாகி வெய்ன் கவுண்டி சிறைக்குப் போனார்கள். மருத்துவரின் மனைவி கிளாடிஸும் அதில் ஒருவர். அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் அரசுத் தரப்புச் சாட்சிகளாக நீதிமன்றம் வந்தார்கள்.

அந்த வழக்கில் அவர்களுக்கு எல்லா நல்ல வாய்ப்பும் கிடைத்தது. நாட்டிலேயே பெயர்பெற்ற வழக்குரைஞர் கிளாரன்ஸ் டாரோ வாதாடினார். நீதிபதி ஃபிராங்க் மர்ஃபி நேர்மையாக நடத்தினார். முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1926-ல் மருத்துவரின் தம்பி ஹென்றியை முழுக்க வெள்ளையர்களே அடங்கிய ஜூரி விடுதலை செய்தது. மற்றவர்கள் மீதான வழக்கும் பிறகு கைவிடப்பட்டது. கேட்க இனிக்கிறது அல்லவா? ஆனால் கிளாடிஸுக்குச் சில வாரங்களில் ஜாமீன் கிடைத்தபோது, மற்றவர்கள் முதல் விசாரணை முடியும்வரை உள்ளேயே இருந்தார்கள். அந்தச் சில வாரங்களில்தான் கிளாடிஸைக் காசநோய் பற்றியது என்று நம்பப்படுகிறது. 1926-ல் அவர்களுடைய சிறு மகள் காசநோயில் இறந்தாள். 1928-ல் கிளாடிஸும் இறந்தார்.

நீதிமன்றம் அவர்களைத் தண்டிக்கவில்லை. சிறை தண்டித்துவிட்டது. தீர்ப்பு வருவதற்கு முன்பே தண்டனை முடிந்துவிடும் இடத்துக்குத்தான் ரிமாண்ட் சிறை என்று பெயர். நல்ல நீதிபதி, நல்ல வக்கீல், நல்ல தீர்ப்பு மூன்றும் சேர்ந்தும் அதை ஈடுகட்ட முடியவில்லை என்றால், பளபளக்கும் கண்ணாடிச் சுவர் எப்படி ஈடுகட்டும்?

அந்த நீதிபதி மர்ஃபியின் பெயரைத் தாங்கிய நீதி மாளிகையில்தான் பிற்காலத்தில் டெட்ராய்டின் குற்றவியல் வழக்குகள் நடந்தன. இப்போது அந்த வழக்குகள் புதிய வளாகத்துக்கு வந்துவிட்டன. வளாகம் இருப்பது ஒரு நெடுஞ்சாலையின் ஓரத்தில். கறுப்பின மக்களின் கடைத்தெருவாக இருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவை இடித்துத் தரைமட்டமாக்கிப் போட்ட நெடுஞ்சாலை அது. ஒரு மக்களின் தெருவை எடுத்துவிட்டு, அதன் பக்கத்தில் அவர்களுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

படுக்கை என்ற சொல்லைக் கவனியுங்கள். மருத்துவமனைக்குப் படுக்கை எண்ணுவது நோய் வரும் என்று தெரிவதால். சிறைக்குப் படுக்கை எண்ணும்போது யார் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து எண்ணுகிறார்கள். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 13 விழுக்காடு. உள்ளூர்ச் சிறைகளில் இருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அவர்கள். அந்தச் சிறைகளில் கிடப்பவர்களில் மூன்றில் இருவர் அளவுக்குக் குற்றம் உறுதி செய்யப்படாதவர்கள். சட்டத்தின் கண்ணில் நிரபராதிகள்.

ஏன் கிடக்கிறார்கள்? பெரும்பாலும் காசு இல்லாததால். 2015 ஜூலையில் டெக்சாஸில் சாண்ட்ரா பிளாண்ட் என்ற கறுப்பினப் பெண் காரைத் தடம் மாற்றியபோது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தப்பட்டார். வாக்குவாதம் முற்றிக் கைதானார். ஜாமீன் 5,000 டாலர். வெளியே வர உடனடியாகக் கட்டவேண்டியது 500 டாலர். மூன்றாம் நாள் வாலர் கவுண்டி சிறையறையில் அவர் பிணமாகக் கிடந்தார். நியூயார்க்கில் கலீஃப் பிரவுடர் 2010-ல் பதினாறு வயதில் ஒரு பையைத் திருடியதாகப் பிடிக்கப்பட்டார். முதலில் கேட்ட ஜாமீன் 3,000 டாலர். வீட்டில் அது இல்லை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று ஆண்டுகள் இருந்தார். அதில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தனிமைச் சிறை. விசாரணையே நடக்காமல் 2013-ல் வழக்கு கைவிடப்பட்டது. 2015-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இந்த இருவருக்கும் நீதிமன்றம் பக்கத்தில் இல்லாததா பிரச்சினை?

பழைய சிறை நாறிக் கிடந்தது, புதியது மனிதத்தன்மை உள்ளது என்பார்கள். பழைய வெய்ன் கவுண்டி சிறையின் நிலைமை மோசம் என்பது உண்மை. 1971-லேயே கைதிகள் வழக்குத் தொடுத்து, பல பத்தாண்டுகள் நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்த சிறை அது. மனிதர் இருக்கும் இடம் மனிதர் இருக்கத் தக்கதாக வேண்டும். அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் கட்டடம் புதிதானால் நடத்தை புதிதாகிவிடாது. நியூ ஆர்லியன்ஸில் 2015-ல் திறந்த புதிய சிறைக்கும் 'நீதி மையம்' என்றுதான் பெயர். அடுத்த ஆண்டே அங்கு பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தூக்கில் தொங்கினான். அதே ஆண்டில் சிறை நிர்வாகத்தை ஷெரிஃபின் கையிலிருந்து எடுத்துத் தனி அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

பணக் கணக்கையும் பார்ப்போம். வெய்ன் கவுண்டி முதலில் 2011-ல் நகரின் நடுவே வேறொரு சிறையைக் கட்டத் தொடங்கியது. செலவு எகிறியதால் 2013 ஜூனில் வேலை நின்றது. அதற்குள் 10 கோடி டாலருக்கு மேல் மண்ணில் போயிருந்தது. அடுத்த மாதமே டெட்ராய்ட் நகர நிர்வாகம் திவால் மனு போட்டது. ஓய்வுபெற்ற நகரத் தொழிலாளர்களின் ஓய்வூதியம் வெட்டப்பட்டது. கவுண்டி கஜானா வேறு, நகரக் கஜானா வேறு. வரி கட்டிய மக்கள் ஒரே மக்கள். பிறகு 2018-ல் கோடீசுவரர் டான் கில்பர்ட்டின் நிறுவனத்தோடு ஒப்பந்தம். நிறுவனம் வேறிடத்தில் வளாகத்தைக் கட்டிக் கொடுக்கும், நகர நடுவில் இருந்த விலையுயர்ந்த நிலம் அதற்குப் போகும். ஏழைகளை அடைக்கும் கட்டடமும் கடைசியில் ஒரு மனைவணிகம்தான்.

பிடிப்பவர், வழக்குப் போடுபவர், தீர்ப்புச் சொல்பவர், அடைத்து வைப்பவர் எல்லாரும் ஒரே வளாகத்துக்குள் என்பதைப் பெரிய நவீனம் என்கிறார்கள். இந்த நவீனத்தை நம் சேரிகள் பல தலைமுறையாகப் பார்த்திருக்கின்றன. ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணை. பிடித்து வரச் சொன்னதும் அங்கிருந்துதான். விசாரித்ததும் அங்கேதான். தூணில் கட்டிவைத்து அடித்ததும் அங்கேதான். போலீசு வேறு, நீதிமன்றம் வேறு, சிறை வேறு என்று சட்டம் பிரித்து வைத்ததே அந்தத் திண்ணையிலிருந்து எளியவரைக் காப்பாற்றத்தான். அதிகாரங்கள் காகிதத்தில் பிரிந்தே இருக்கலாம். ஒரே வாசலில் தினமும் வணக்கம் சொல்லிக்கொள்பவர்கள் யாரை நம்புவார்கள், யாரைச் சந்தேகிப்பார்கள் என்று நமக்குத் தெரியும்.

இனி நம் பக்கம். 2022-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 1978-ல் மோதிராம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். ஒரு ஏழைக் கொத்தனாரிடம் கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது. அவருடைய அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் மறுத்தது. அதைத் தவறென்று சொல்லி, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அந்தக் கொத்தனாரை விடச் சொன்னது உச்ச நீதிமன்றம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இரண்டு ஜாமீன்தாரர், சொத்துச் சான்று என்று கேட்கும்போது, பட்டா இல்லாத புறம்போக்கில் குடியிருக்கும் நம் சனம் எங்கே போகும்? ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் கதவு திறக்காமல் கிடப்பவர்களுக்கு உங்கள் தாழ்வாரம் என்ன செய்யும்?

சிறைக்குள்ளும் சாதி இருந்தது. துப்புரவு வேலை இன்ன சாதிக்கு, சமையல் இன்ன சாதிக்கு என்று பல மாநிலச் சிறை விதிகள் எழுதியே வைத்திருந்தன. 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததையும் அது ஏற்கவில்லை. இந்தத் தீர்ப்பைப் பெற எந்தப் புதுக் கட்டடமும் தேவைப்படவில்லை.

மாற்று இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நியூ ஜெர்சி 2017-ல் பண ஜாமீனைப் பெரும்பாலும் கைவிட்டது. விசாரணைக்கு முன் சிறையில் கிடப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. இல்லினாய் 2023 செப்டம்பரில் பண ஜாமீனை முழுவதுமாக ஒழித்தது. 2005-ஆம் ஆண்டுப் புயலுக்கு முன் 6,000 பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்த நியூ ஆர்லியன்ஸில், புதிய சிறைக்கு 1,438 படுக்கைகள் போதும் என்று மக்கள் போராடி வரம்பு போட வைத்தார்கள்.

எனவே நவீன நீதி வளாகம் என்று யாராவது வரைபடத்தோடு வந்தால் நாம் மூன்று கேள்விகளை வைப்போம். இதில் எத்தனை படுக்கை, அவை யாருக்காக? இந்தப் பணத்தில் எத்தனை இலவசச் சட்ட உதவி வழக்குரைஞர்களை நியமிக்கலாம்? சொத்தில்லாதவரைச் சொந்தப் பிணையில் விடும் உத்தரவு நாளைக்கே வருமா? மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அடிக்கல் நாட்டட்டும்.

ஒரு நீதி மையத்தின் அளவுகோல் எத்தனை பேர் உள்ளே படுக்கலாம் என்பது அல்ல. பிடித்து வரப்பட்டவர்களில் எத்தனை பேர் அன்று இரவே தம் வீட்டுப் பாயில் படுக்கிறார்கள் என்பதுதான்.

ஜெய் பீம்!