மூன்று நகல் யாருக்காக?

பீனியா தொழிற்பேட்டையில் ஒரு சிறு தொழிற்சாலை நாளொன்றுக்கு 40 பில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பில்லுக்கும் மூன்று நகல். லாரியோடு அனுப்ப ஈ-வே பில் ஒரு தாள். ஆக, தினம் 160 தாள். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 48,000 தாள். ஏ-4 தாள் ஒன்று 5 கிராம். மொத்தம் 240 கிலோ. பில்லுக்கு மட்டுமே இவ்வளவு. கொட்டேஷன், சம்பளச் சீட்டு, ஆடிட்டர் கேட்கும் அறிக்கைகள் எல்லாம் தனி.

இந்தச் செலவு கண்ணில் பட்டதும் நிர்வாகம் செய்யும் முதல் காரியம், "காகிதத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்" என்று ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவது! திட்டு வாங்குபவர் குமாஸ்தா. ஆனால் மூன்று நகல் வேண்டும் என்று அவரா சொன்னார்?

சட்டம் அப்படிச் சொல்லியதுண்டு. ஜி.எஸ்.டி. விதி 48-ன்படி, சரக்குக்கான பில் மூன்று பிரதிகளில் இருக்க வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, விற்றவருக்கு ஒன்று. ஆனால், மின்னணுப் பில் போடுவோருக்கு அதே விதி இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்னணுப் பில் கட்டாயம். அத்தகைய பில்லின் காகிதப் பிரதியை லாரியில் கொண்டுபோக வேண்டியதில்லை, கியூ.ஆர். குறியை மின்னணு முறையில் காட்டினாலே போதும் என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2021 செப்டம்பரிலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஈ-வே பில்லுக்கும் எண் இருந்தால் போதும்.

அப்படியானால் இயந்திரம் ஏன் ஓய்வதில்லை? நாமக்கல்லிலிருந்து வந்து இங்கே லோடு ஏற்றும் ஓட்டுநரைக் கேட்டால் காரணம் விளங்கும். நடுராத்திரியில் வண்டியை நிறுத்தும் அதிகாரியிடம், சார்ஜ் இறங்கிய செல்போனைக் காட்டி வாதாட அவர் தயாராக இல்லை. அவர் பயத்தைக் குறை சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய காரணம், சரக்கு வாங்கும் பெரிய கம்பெனியின் வாசலில் இருக்கிறது. அங்கே காவலாளி ஒரு பிரதியில் முத்திரை குத்தித் தர வேண்டும். அது இல்லாவிட்டால் பணம் வராது. பணம் ஒரு மாதம் தள்ளிப்போனால் கூலி கொடுக்கத் திணறும் சிறு முதலாளி, "மூன்றென்ன, ஐந்தே எடுங்கள்" என்றுதான் சொல்வார்.

வேடிக்கை என்னவென்றால், பங்குச் சந்தையில் பதிவான முதல் 1,000 கம்பெனிகள் சுற்றுச்சூழலுக்குத் தாங்கள் செய்வதை ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும் என்று செபி 2022-23 முதல் கட்டாயப்படுத்தியிருக்கிறது. தங்கள் ஆபீஸில் காகிதம் குறைந்ததைப் பெருமையுடன் எழுதுகிறவர்கள், தங்கள் வாசலில் கேட்கும் முத்திரைப் பிரதிகளையும் அதில் எழுதுவார்களா?

மின்சாரத்திலும் இதே கதைதான். லேசர் பிரிண்டர், மைத்தூளைச் சூட்டால் உருக்கித் தாளில் பதிக்கிறது. அதற்கான உருளை ஏறக்குறைய 200 டிகிரி வரை சூடாக வேண்டும். சும்மா இருக்கும் நேரத்தில் தானே உறங்கும்படி அமைத்தால் வீண் குறையும். ஆனால், அதைவிடப் பல மடங்கு சக்தி அந்தத் தாளைச் செய்வதிலேயே செலவாகிவிட்டது. ஆலையில் கூழ் ஓடுகையில் நூற்றில் 99 பங்கு தண்ணீர். பிழிந்தது போக மிச்சத்தை நீராவியால் உலர்த்துகிறார்கள். பிரிண்டரை அணைப்பதைக் காட்டிலும் தாளைத் தவிர்ப்பதே பெரிய சேமிப்பு.

கர்நாடகத்துக்கு இது தூரத்து விஷயமன்று. ஒரு காலத்தில் இங்குள்ள காகித ஆலைகளுக்கு டன் ஒன்றரை ரூபாய்க்கு மூங்கில் போனதையும், கூடை முடைவோர் அதே மூங்கிலுக்குப் பல மடங்கு விலை கொடுத்ததையும் மாதவ் காட்கில் எழுதியிருக்கிறார். இன்று ஆலைகள் பெரும்பாலும் தோட்ட மரத்தையும் பழைய காகிதத்தையும் நாடுகின்றன. காட்டில் அன்று போனது போனதுதான்.

மேலிடம் மனம் வைத்தால் பழக்கம் மாறும். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட நீளத்தாளையே கேட்டுவந்த சுப்ரீம் கோர்ட், 2020-ல் ஏ-4 தாளின் இரு பக்கமும் அச்சிட அனுமதித்தது. வழக்குகள் அதனால் நின்றுவிடவில்லை.

ஆகவே நாம் கேட்பது இரண்டு. 2021-ன் விளக்கத்தை மாநில வணிக வரித் துறை, சாலையில் சோதனை செய்யும் ஒவ்வோர் அதிகாரிக்கும் மீண்டும் நினைவூட்ட வேண்டும்; செல்போனில் பில்லைக் காட்டிய ஓட்டுநர் காகிதத்துக்காகக் காக்கவைக்கப்பட்டால் புகார் செய்ய வழி வேண்டும். பெரிய கம்பெனிகள் வாசல் முத்திரைக்குப் பதிலாகச் சரக்கு வந்த விவரத்தைக் கணினியில் பதிந்து, அந்த நாளையே பணப் பட்டுவாடாவுக்குக் கணக்காகக் கொள்ள வேண்டும்.