அந்தக் குரல் மட்டும் எப்படி பாஸ்?

வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குப் போயிருக்கீங்களா? தேனி, கம்பம் பக்கத்து ஆளுங்களைக் கேக்கவே வேணாம். கௌமாரியம்மன் கோயிலைச் சுத்தி எட்டு நாளும் சும்மா அதிரும். ராட்டினத்துல அலறல், கடைக்குக் கடை ஸ்பீக்கர், அக்னிச்சட்டிக்கு முன்னாடி மேளம், நடுவுல 'பச்சை சட்டை போட்ட பையனைக் காணோம்'னு மைக் அறிவிப்பு வேற. இத்தனையும் தாண்டி, 'டேய், டெல்லி அப்பளம் வாங்கலாமா?'ன்னு ஃப்ரெண்ட் கேக்குறது மட்டும் உங்களுக்குத் தெளிவா கேக்குதே, எப்படி?

அதே இடத்துல செல்போன்ல ரெக்கார்ட் பண்ணி, வீட்டுல போட்டுப் பாருங்க. ஒரே இரைச்சல். அப்பளத்தைத் தேடிக் கண்டுபிடிக்கணும்!

முதல் காரணம், நமக்குக் காது ரெண்டு. இடது பக்கத்துக் குரல், வலது காதுக்கு ஒரு துளி லேட்டா போய்ச் சேரும். ஒரு நொடியை ஆயிரம் துண்டா வெட்டினா, அதுல ஒரு துண்டுகூட இல்லாத லேட். அதை வெச்சே 'இவன் இந்தப் பக்கம், மேளம் அந்தப் பக்கம்'னு மூளை பிரிச்சுடும். நம்பலைன்னா ஒரு காதைப் பொத்திக்கிட்டுப் பேச்சைக் கேட்டுப் பாருங்க.

பிரிச்சா மட்டும் போதாதே, வேணாததைக் கழிச்சுக் கட்டணும். 1953-ல காலின் செர்ரிங்கிற விஞ்ஞானி, ஹெட்போன்ல ஒரு காதுக்கு ஒரு பேச்சு, இன்னொரு காதுக்கு வேற பேச்சுன்னு ஓடவிட்டார். ஒண்ணை மட்டும் கேட்டுக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லணும். சூப்பரா சொன்னாங்க. ஆனா மறு காதுல இங்கிலீஷ் போய் ஜெர்மன் வந்ததைக்கூடக் கவனிக்கலை!

சரி, நம்ம பேரைச் சொன்னா? 1959-ல மொரே அதையும் செஞ்சு பார்த்தார். கவனிக்காத காதுல பேர் வந்தப்ப உஷாரானது சுமாரா மூணுல ஒருத்தர்தான். (அதனால, கூப்பிட்டும் திரும்பாத ஃபிகருக்கு 'ஓவர் பந்தா'ன்னு பட்டம் கட்டாதீங்க.) 2012-ல மெஸ்கரானி, சாங் ரெண்டு பேரும் வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில எலெக்ட்ரோடு வெச்சிருந்தவங்களைச் சோதிச்சாங்க. ரெண்டு குரல் கலந்து ஒலிச்சாலும், அவங்க கவனிச்ச குரலோட பதிவுதான் மூளையில பளிச்னு இருந்துச்சு.

இப்ப நம்ம வீட்டு அப்பத்தா மேட்டருக்கு வருவோம். வீட்டுல தனியா பேசினா நல்லாக் கேக்கும். திருவிழாவுலயோ கல்யாண மண்டபத்துலயோ மட்டும் 'என்னப்பா சொன்ன?'ன்னு நாலு தடவை கேப்பாங்க. 'வேணும்னே பண்ணுது'ன்னு வீட்டுல ஒருத்தராவது சொல்லுவாங்க. அநியாயம் பாஸ்! வயசாக ஆக, சத்தம் காதுல விழும். ஆனா கூட்டத்துல ஒரு குரலைத் தனியாப் பிரிக்கிற வேலைதான் முதல்ல திணறும். காது மிஷின் வாங்கிக் குடுத்தும் மாட்டலையேன்னு கோவிக்கிறோம். குரலோட சேர்த்து மேளத்தையும் பெருசாக்கிக் குடுத்தா யார் மாட்டுவா? இப்ப வர்ற மிஷின்கள் முன்னாடி இருந்து வர்ற குரலுக்கு முக்கியத்துவம் குடுக்குது. கொஞ்சம் தேவலை, ஆனா நம்ம மூளை அளவுக்கு இல்லை.

காதுகிட்ட போய்க் கத்துறதும் வேலைக்கு ஆகாது. முன்னாடி வந்து முகம் தெரியுற மாதிரி நின்னு, நிதானமாப் பேசுங்க. உதட்டசைவைப் பார்த்தே பாதி பிடிச்சுக்குவாங்க. வீரபாண்டியில அதுவும் முடியலைன்னா, ராட்டினத்தை விட்டுத் தள்ளி முல்லை ஆத்துப் பக்கமா கூட்டிட்டுப் போயிடுங்க. டெல்லி அப்பளத்தை மறந்துடாதீங்க, அப்பத்தாவுக்கும் சேர்த்து.