எத்தனை முட்டை?

நாளொன்றுக்கு எத்தனை முட்டை உண்ணலாம் என்று உக்குவளை நண்பர் ஒருவர் வினவினார். வாரத்துக்கு மூன்று மஞ்சட்கருவுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 1968இல் கூறியது. அதை நம்பி மஞ்சட்கருவை எறிந்தவர்களில் அடியேனும் ஒருவன். அதே சங்கம் 2019இல், உடல்நலமுள்ளோர் தினம் ஒரு முழு முட்டை உண்ணலாம் என்றது. நீரிழிவுள்ளோர் வைத்தியரைக் கேட்பதே நன்று.

ஆனால் நம் தோட்டப்புறங்களில் முட்டையை எண்ணுவது கொலஸ்ட்ரோல் அன்று, விலை. 2022இல் அரசு வெள்ளை முட்டைக்கு 43 ரூபா உச்சவிலை விதித்தது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியாயிற்று. தமிழ்நாட்டுச் சத்துணவிலோ பிள்ளைக்கு வாரம் ஐந்து முட்டை. உக்குவளைப் பாடசாலைப் பிள்ளைக்கும் அதே கணக்கு வேண்டும் என்பேன். நண்பருக்கும் அதையே சொன்னேன்.