வேலை போனதை முதலில் வீட்டில் சொல்லுங்கள்

சுங்கை பாக்காப்பில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், வேலை போன பிறகும் பத்து வாரங்கள் காலை ஆறரை மணிக்கே வீட்டை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தலைக்கவசம், அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாடு, எல்லாம் வழக்கம்போல. பத்து காவான் தொழிற்சாலைகளுக்குப் போகும் மோட்டார் சைக்கிள்களோடு கிளம்பி, பாதி வழியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துவிடுவார். ஆட்குறைப்பில் போன வேலை அது. அவர் மீது ஒரு தவறும் இல்லை. ஆனாலும் சொல்ல வெட்கம்.

அந்த வெட்கத்தின் விலையை வெள்ளிக் கணக்கிலேயே சொல்லலாம்.

சொக்சோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரியில் தொடங்கியது. சம்பளத்தில் தொழிலாளி 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு கட்டுகிறார்கள். 2,000 வெள்ளி சம்பளத்தில் நம் பங்கு ஏறக்குறைய 4 வெள்ளிதான். வேலை போனால், வேலை தேடும் காலத்துக்கு உதவித்தொகை கிடைக்கும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு 40, 40, 30, 30. சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை தருவார்கள். ஆறு மாதத் தகுதி இருந்தால், 2,000 வெள்ளி சம்பளக்காரருக்கு மொத்தம் 5,400 வெள்ளி. ஆனால் வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம் இளைஞர் வீட்டில் வாய் திறந்தபோது பத்து வாரம் ஓடிவிட்டது.

இடைநிலைப்பள்ளியிலும் கல்லூரியிலும் இருக்கும் உங்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். முதல் வேலைக்குப் போகும்போது இதை யாரும் சொல்லித் தரப்போவதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. நிறுவனம் உங்களை அனுப்ப நினைக்கும்போது ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போடு தம்பி, உன் பெயர் கெடாமல் இருக்கும்" என்று சொல்லலாம். அது ராஜினாமா கடிதமா என்று படித்துப் பாருங்கள். தானாக விலகியவருக்குப் பொதுவாக இந்த உதவித்தொகை கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறுபவருக்கும் இல்லை. நல்ல பெயர் என்று நம்பிக் கையெழுத்திட்டவர்கள் ஏமாந்ததுதான் மிச்சம். பணிநீக்கக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டுகளை மாதாமாதம் பத்திரப்படுத்துங்கள்.

வேலை தேடுவதும் பேச்சில்தான் தொடங்குகிறது. சொக்சோ நடத்தும் 'மைஃபியூச்சர்ஜோப்ஸ்' தளத்தில் பதிந்துகொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் எந்தத் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பது, அங்கே வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு விளம்பரம் வரும் முன்பே தெரிந்திருக்கும். அவரிடம் நீங்கள் சொன்னால்தானே அவர் உங்களை நினைப்பார்? கோயில் திருவிழாவில் "என்ன செய்கிறாய்?" என்று கேட்பவரிடம் "வேலை தேடுகிறேன் அண்ணே, தரச் சோதனைப் பிரிவில் இரண்டு வருட அனுபவம்" என்று சொல்லிப் பழகுங்கள். "சும்மாதான் இருக்கிறேன்" என்பது பதிலே இல்லை.

நேர்முகத் தேர்வில் இடைவெளியைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான். ஆட்குறைப்பு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அந்த மாதங்களில் கற்றதைச் சொல்லுங்கள். இத்திட்டத்தில் பயிற்சிக் கட்டணத்துக்கும் உதவி உண்டு. பாயான் லெப்பாசில் 1989 முதல் இயங்கும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் போன்ற இடங்களில் தொழிற்சாலைக்கு வேண்டியதையே கற்றுத் தருகிறார்கள். சுங்கை பாக்காப்பிலிருந்து பாயான் லெப்பாஸ் தூரம்தான். ஆனாலும் 2014-இல் இரண்டாம் பாலம் திறந்த பிறகு பிறை வரை சுற்ற வேண்டியதில்லை.

வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்பவரிடம் மட்டும் பேச்சே வேண்டாம். வெளிநாட்டில் பெரிய சம்பளம் என்று நம்பிப் போய், கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய மலேசியர்களின் செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

அந்த இளைஞர் இப்போது வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறார். ஆள் எடுக்கும் செய்தியைக் கொண்டுவந்தவர் அவருடைய அம்மா. பால்மரக் காலத்துத் தோழி ஒருவரிடம் விசாரித்தாராம். மகன் விஷயத்தைச் சொன்ன நான்காவது நாள்.