'நார்மல்' என்றால் யார் பொறுப்பு?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் சோதனையில் ஒரே ஸ்லைடில் பல்லாயிரம் செல்கள் பரவிக் கிடக்கும். கோளாறானவை ஏதோ ஒரு ஓரத்தில் பத்தோ இருபதோ இருக்கும். களைத்த கண் அந்த ஓரத்தைத் தாண்டிப்போனால் ரிப்போர்ட் 'நார்மல்'. தவறாகப் 'பாசிட்டிவ்' என்று சொல்லியிருந்தால் அடுத்து எடுக்கும் பயாப்சி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்; தவறான 'நார்மலை' யாரும் தேடி வருவதில்லை. செல்கள் தெளிவாகத் தெரிய ஸ்லைடுக்கு ஏற்றும் சாயத்தை வடிகட்டுவதும், ஒருவர் ஸ்லைடில் உதிர்ந்த செல் சாயக் குடுவை வழியே இன்னொருவர் ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளாமல் பார்ப்பதும் அவசியமே. அதோடு நின்றுவிடும் ஆய்வகம் பாதி வேலையைத்தான் செய்கிறது.

அமெரிக்கா இதை அவமானப்பட்டுக் கற்றது. ஸ்லைடுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, ஆட்களை அளவுமீறிப் பார்க்கவைத்த ஆய்வகங்களை 1987இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் அம்பலப்படுத்தியது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்படி ஒருவர் 24 மணி நேரத்தில் 100 ஸ்லைடுகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. 'நார்மல்' என்றவற்றில் குறைந்தது 10 சதவீதத்தை, ரிப்போர்ட் போகும் முன்பே இன்னொருவர் பார்க்க வேண்டும். ஒரு பெண்ணின் செல்களில் தீவிர மாற்றம் தெரியவந்தால், அவருடைய முந்தைய ஐந்தாண்டு 'நார்மல்' ஸ்லைடுகளை எடுத்து மறுபடி பார்க்க வேண்டும். மூன்றில் இதுவே கூர்மையானது: ஆய்வகம் தன் பழைய தவற்றைத் தானே தோண்டியெடுக்க வைக்கிறது.

இந்தியாவில் ஆய்வகத் தரத்துக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் விரும்பினால் பெறுவது. விருப்பத்துக்கு விட்டால், அதிகம் தேவைப்படும் இடமே விலகி நிற்கும். எனவே ஆய்வக உரிமத்துக்கு இந்த மூன்றையும் தமிழக அரசு நிபந்தனையாக்க வேண்டும். சிறிய ஆய்வகங்களுக்குச் செலவு தாங்காது என்பார்கள். இரண்டு ஆய்வகங்கள் ஸ்லைடுகளை மாற்றிக்கொண்டு பார்க்கலாமே. பத்தில் ஒன்றைப் பார்த்தால் மீதி ஒன்பதில் உள்ள தவறு தப்பிவிடாதா என்பது நியாயமான கேள்வி. பிரிட்டன் 'நார்மல்' ஸ்லைடுகள் அனைத்தையும் விரைவாக மறுபார்வை இட்டது அதற்காகத்தான். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. சோதனை பரவலானால் இதெல்லாம் எதற்கு என்போருக்கு ஒரு நினைவூட்டல்: தைராய்டு கட்டியிலும் மார்பகக் கட்டியிலும் ஊசியால் உறிஞ்சிய செல்களைப் பார்ப்பதும் இதே மைக்ராஸ்கோப்தான். ஸ்லைடு இருந்தால்தான் பின்னாளில் மறுபடி பார்க்க முடியும்; எனவே சட்டம் வரும்வரை, 'நார்மல்' ரிப்போர்ட்டை வாங்கும்போது ஸ்லைடை எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள்.