பொன் எடுத்தவன் புதைந்த இடம்

“சின்னஞ்சிறு கோயில், அதைச் சுற்றிச் சிதைந்த கல்லறைகள்... இதற்குப் பெயர் வரலாற்றுச் சின்னமா?” என்று கேட்கிறார்கள், கோட்டையும் கொத்தளமும் மட்டுமே கண்டு பழகிய கண்ணினர். கேட்பவரைக் கோலார் தங்கவயலுக்கு அழைக்கிறோம், வரட்டும்!

1880-இல் லண்டனிலிருந்து வந்தது ஜான் டெய்லர் கம்பெனி. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. இடையிலே ஏறத்தாழ 800 டன் பொன்! சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். அந்த ஆழத்தில் இறங்கியவர் யார்? வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர். பெரும்பாலோர் ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர். துரைமாருக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். தொழிலாளிக்கு லைன் வீடு; ஓர் அறை, அதற்குள் ஒரு குடும்பம். பாறை வெடித்துச் சிதறியபோது மாண்டவர் உண்டு. பாறைத்தூள் நுரையீரலை அடைத்து, இருமி இருமி மெல்லச் செத்தவர் அதனினும் பலர்.

அவர்களிலே கத்தோலிக்கரும் இருந்தனர். உழைத்து ஓய்ந்த உடல் ஞாயிறன்று சாய்ந்து கொள்ள ஓர் ஆலயம், உயிர் ஓய்ந்தபின் சாய்ந்து கொள்ள ஒரு கல்லறைத் தோட்டம். சாம்பியன் ரீஃபிலே வெற்றி அன்னையின் பெயரால் ஆலயம் நிற்கிறது. நான் பூசைக்குச் செல்பவன் அல்லன். கல்லறையிலும் சாதிச் சுவர் எழுப்பியவர்கள் திருச்சபைக்குள்ளேயே இருந்தார்கள். திருச்சி மேலப்புதூர்ச் சுவரை நாடறியும். எனினும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

கம்பெனிக்கு இவன் யார்? ஒரு கூலி, ஒரு கணக்கு. 1930-இலே கைரேகை பதிய வேண்டும் என்று கட்டளை பிறந்தது. குற்றவாளியா நாங்கள் என்று கொதித்தெழுந்து வேலைநிறுத்தம் செய்தார்கள் தொழிலாளர்கள். அதே மனிதன் ஆலயத்தின் ஏட்டிலே யார்? இன்னாரின் மகன், இன்னாரின் கணவன், இந்நாளில் இறந்தான், இங்கே அடக்கம் செய்யப்பட்டான். ஞானஸ்நானம், திருமணம், இறப்பு மூன்றுக்கும் ஒவ்வொரு பங்கும் பதிவேடு வைத்தாக வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பட்டா இல்லாதவனுக்கு, பட்டயம் இல்லாதவனுக்கு, தன் வரலாற்றைத் தானே எழுதும் எழுத்தறிவும் மறுக்கப்பட்டவனுக்கு, அந்தப் பழுத்த ஏடும் அந்தப் பாழடைந்த கல்லறையுமே கல்வெட்டு! மெய்க்கீர்த்தி மன்னனுக்கு இருக்கிறது, மெய்வருத்தியவனுக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. இதையுமா அழிய விடுவது?

சிறியது என்று சிரிப்போர்க்கு இன்னொரு செய்தி. ஜான் டெய்லர் என்பவர், இங்கே வந்த கம்பெனிக்குப் பெயர் தந்தவர், இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களிலே பெயரெடுத்தவர். கோலாரில் மேலாள்களாக இருந்த வெள்ளையரில் பலர் கார்ன்வால்காரர்கள். அந்தக் கார்ன்வாலையும் மேற்கு டெவனையும் 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது யுனெஸ்கோ. எதை? அரண்மனையையா? இல்லை! எஞ்சின் கூடங்களை, சுரங்கத் தொழிலாளியின் குடிசைகளை, அவன் மண்டியிட்ட சின்னஞ்சிறு மெதடிஸ்ட் செபக்கூடங்களையும் சேர்த்து! அங்கே தொழிலாளி தொழுத இடம் உலகத்தின் சொத்து. இங்கே தொழிலாளி தொழுத இடம் கேலிக்குரியதோ?

ஆஸ்திரேலியாவிலே, விக்டோரியாவின் தங்கவயலில், காசில்மெயின் அருகே பென்னிவெயிட் பிளாட் என்றோர் இடம். அள்ளினால் அற்பப் பொன்னே கிடைக்கும் மேடு. பெயரே அதைத்தான் சொல்கிறது. 1852 முதல் 1857 வரை அங்கே சுமார் 200 பேர் புதைக்கப்பட்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். குவித்து வைத்த கற்களே கல்லறைகள். சிற்பமில்லை, சலவைக்கல் மண்டபமில்லை. ஆயினும் அதைக் காக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறதா? 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம், நூறாண்டு கடந்ததா, வரலாற்று முக்கியத்துவம் உண்டா என்று கேட்கிறது. உள்ளே கிடப்பவன் முடி தரித்தவனா, முதுகு வளைந்தவனா என்று கேட்கவில்லை. அதைக் கேட்பவர்கள், சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்கள்!

2024 ஜூனில், தங்கவயலின் 13 கழிவுமண் மேடுகளிலிருந்து மீண்டும் பொன் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. 3.3 கோடி டன் மண் என்று அளந்தும் சொன்னார்கள். சயனைடு தோய்ந்த சாம்பல்நிற மேட்டுக்கு அளவுகோல் இருக்கிறது. அந்த மண்ணை வெட்டி மேலே அனுப்பியவன் புதைந்த ஆறடிக்கு அளவுகோல் வேண்டாமா? ஏலம் கூறுமுன்னே கல்லறைத் தோட்டங்களை அளந்து எல்லை நாட்டுங்கள். கரையான் தின்னுமுன்னே பங்குப் பதிவேடுகளைப் படி எடுங்கள். ஆலயத்தின் பழைய சுவரைப் பளிங்கு பூசிப் பாழாக்க நினைக்கும் பக்தர்களே, உங்களுக்குந்தான் சொல்கிறேன்: பழுது பாருங்கள், இடிக்காதீர்கள். லைன் வீடுகளிலே இன்றும் வாழ்கிறார்களே அந்தப் பாட்டன்களின் பேரர்கள், எந்தக் கல்லின் கீழ் எவர் என்று அறிந்த முதியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போய்க் கேளுங்கள்.